காற்றாடி நின்றபோது

என்னங்க,

போன்ல சொல்ல ஆரம்பிச்சா அழுதுடுவேன், அதான் எழுதுறேன்.

நம்ம பொண்ணை டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன். "பாடத்துல கவனமே இல்ல, கவனக்குறைபாடா இருக்கும்"னு டீச்சர் சொன்னதை அப்படியே ஒப்பிச்சேன். அவங்க உடனே பொண்ணு கையில ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து, "நிறுத்தாம ஊதுடா கண்ணு"ன்னாங்க.

சிரிச்சுக்கிட்டே ஊதினா. திடீர்னு காற்றாடி நின்னுபோச்சு. கண்ணு திறந்தே இருக்கு, இமை மட்டும் துடிக்குது. கூப்பிட்டேன், தொட்டேன். என் பொண்ணு அங்க இல்லீங்க! கொஞ்ச நேரத்துல, ஒண்ணுமே நடக்காத மாதிரி மறுபடி ஊத ஆரம்பிச்சுட்டா.

"இது கவனக்குறைபாடா தெரியலம்மா, வலிப்புல ஒரு வகை. சில நொடி நினைவு மட்டும் தப்பிடும்; விடாம ஊதினா அது வெளிய தெரியும், அதான் ஊதச் சொன்னேன். ஒரே நாள்ல பல தடவை வரும். பரிசோதனை பண்ணி உறுதி செஞ்சுக்கலாம். பெரும்பாலும் மாத்திரையிலேயே அடங்கிடும்"னாங்க.

பாதிப் பாடம் அவ காதுலயே விழுந்திருக்காது. நீங்க கூப்பிட்டு அவ திரும்பலேன்னா, திமிர்னு சொல்வீங்களே... சரி, அதை விடுங்க.

வெளியே வந்ததும் என் முகத்தைத் துடைச்சுவிட்டுக் கேட்டா: "ஏம்மா அழுறே? நான் நிறுத்தவே இல்லையே, ஊதிக்கிட்டேதானே இருந்தேன்?"

சீக்கிரம் வாங்க.

உங்க
வீட்டுக்காரி