கரிசலில் ஏது ஜல்லி?

அருப்புக்கோட்டை,
10.2.2026

அன்புள்ள சத்யபிரியாவுக்கு,

முருகலட்சுமி எழுதுகிறேன். இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். நீ சுகமாக இல்லை என்று தெரிந்துகொண்டே ‘நீ சுகமா’ என்று கேட்க மனம் வரவில்லை. அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொல்லத்தான் மூன்று தடவை கூப்பிட்டேன். ‘சொல்லு புள்ள’ என்று நீ கேட்டதும் பாப்பாவுக்குக் கடைவாய்ப் பல் முளைத்த கதையைச் சொன்னேன். மில்லில் புது மேனேஜர் வந்த கதையைச் சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வைத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் பார்த்த மறுநிமிடம் நீ கூப்பிடுவாய், உன் குரலைக் கேட்டதும் நான் மறுபடியும் பேச்சை மாற்றிவிடுவேன். காகிதம் என்றால் நான் சொல்லி முடிக்கிறவரை நீ குறுக்கே பேச முடியாது. கடிதத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது கடைசியில் வரும்.

இந்த வருடம் ஐப்பசி மழை நம் பக்கம் நன்றாகவே பெய்தது. திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்களில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கிடக்கிறது. ஊரில் அப்பா வழக்கம்போல மூன்று ஏக்கரில் குதிரைவாலி போட்டிருந்தார். நான் அதே நூல் மில்லில்தான் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். ‘பொம்பளப் புள்ள மெக்கானிக்கலா’ என்று சிரித்தவர்களே இப்போது பேரிங்கில் சத்தம் வந்தால் என்னைத் தேடி வருகிறார்கள். என் வீட்டுக்காரர் குமாரலிங்கபுரம் ஜவுளிப் பூங்கா வந்தால் தனக்கும் ஒரு சூப்பர்வைசர் வேலை கிடைக்கும் என்று பேப்பரில் அந்தச் செய்தி வரும்போதெல்லாம் வெட்டி வைக்கிறார். பெட்டி நிறைந்துவிட்டது.

போன வாரம் அருப்புக்கோட்டை புது பஸ் ஸ்டாண்டில் உன் அம்மாவைப் பார்த்தேன். பெத்தம்மாள் அக்கா என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ‘எம்புள்ள போன்ல அழுகுது தாயி. படிச்சது போதும், ஊருக்கே வாரேங்குது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, ஒங்க பேச்சத்தான் கேக்கும்’ என்றார். உன்னைவிட மூன்று மாதம் சின்னவள் நான். அந்த அம்மா என்னை ‘நீங்க’ என்கிறார். எங்கள் காட்டில் களையெடுத்த பழக்கம் அது, நானும் ஒரு நாளும் வேண்டாம் என்று தடுத்ததில்லை. வீரசோழன் ஊருக்குப் போகிற பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார். நான் மில்லுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். உன் அழுகைக்குக் காரணம் யார் என்று தெரிந்த ஒரே ஆளிடம் வந்துதான் அந்த அம்மா உதவி கேட்டிருக்கிறார்.

சத்யா, நம் இறுதியாண்டு ப்ராஜெக்டை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

அறுபது பேர் வகுப்பில் நாம் இரண்டு பெண்கள். மற்ற குழுக்கள் எல்லாம் மதுரையில் ப்ராஜெக்ட் செய்து கொடுக்கும் கடைகளுக்குப் போய், மெஷினும் ரிப்போர்ட்டும் சேர்த்து வாங்கி வந்தார்கள். நானும் வாங்கிவிடலாம் என்றுதான் சொன்னேன். நீதான் ஒற்றைக் காலில் நின்றாய். ‘நம்ம பக்கம் குதிரைவாலிக் கதிரை ரோட்டுல போட்டு பஸ்ஸை ஏத்தி அடிக்கிறாக. மணியில ஜல்லி கலக்குது, பைக்குல வாரவுக வழுக்கி விழுகுறாக. அதுக்கு ஒரு சின்ன மெஷினு செஞ்சா என்ன?’ என்று கேட்டாய். சௌந்தரபாண்டியன் சார் உடனே கைடாக இருக்க ஒத்துக்கொண்டார். ரப்பர் முளை வைத்த உருளையை நீ கடைசல் மெஷினில் நின்று செய்த அந்த இரண்டு மாதம் உன் உள்ளங்கை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

செய்முறைச் சோதனையை எங்கள் ஊர்க் களத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அதற்கு நான்கு நாள் முன்னால், பெல்ட் ஓடும் புல்லிக்கு அதே அளவில் ஒரு மாற்று வாங்க நீ மதுரைக்குப் போயிருந்தாய். நீ வருகிறவரை பொறுக்க முடியாமல் பழைய புல்லியை மாட்டி நானே ஒரு கட்டுக் கதிரை ஓட்டிப் பார்த்தேன். எழுபத்திரண்டு சதவீதம்தான் உதிர்ந்தது. மீதி கதிரிலேயே நின்றது. இன்னொரு கட்டும் ஓட்டினேன், அதுவும் அப்படியே. இதை நான் உன்னிடம் சொல்லவில்லை. எந்த நோட்டிலும் எழுதவில்லை.

எழுதாததற்குக் காரணம் அப்பா. மகள் மெஷின் செய்திருக்கிறாள் என்று அவர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். பங்காளிகளை அழைத்திருந்தார், களத்தில் பந்தல்கூடப் போட்டுவிட்டார். அத்தனை பேர் முன்னால் கதிர் கால்வாசி உதிராமல் வெளியே வந்து விழுந்தால் அவர் முகம் என்ன ஆகும் என்று பயந்தேன். உனக்கு மார்க் போய்விடக் கூடாது என்று உனக்காகத்தான் செய்தேன் என நான்கு வருடமாக என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய் சத்யா. உன் ஞாபகம் எனக்கு அப்போது வரவே இல்லை.

சோதனை அன்று காலையில் கல்லூரி வேனில் நீயும் சாரும் வந்து சேர்வதற்குள், எடுத்து வைத்திருந்த கட்டுகளை அவிழ்த்து நானே ரோட்டில் பரப்பினேன். முதலில் வீரசோழன் பஸ் ஏறியது. பின்னால் ஒரு லோடு லாரி. அவ்வளவுதான், அதற்குமேல் விடவில்லை. முழுக்க உதிர்ந்தால் தெரிந்துவிடும். கதிர் பார்வைக்கு முழுசாக இருக்க வேண்டும், ஆனால் தட்டினால் கொட்ட வேண்டும். அந்தப் பதம் விவசாயி மகளான எனக்குத் தெரியாதா? திரும்பக் கட்டாகக் கட்டிக் களத்தில் கொண்டுபோய் அடுக்கினேன். எந்த ரோட்டை விட்டு ஜனங்கள் வெளியே வர வேண்டும் என்று நீ மெஷின் செய்தாயோ, அதே ரோட்டில் போட்டு உன் மெஷினை ஜெயிக்க வைத்தேன்.

தொண்ணூற்றாறு புள்ளி நான்கு. நீ தராசை மூன்று முறை பார்த்தாய். அப்பா சாருக்கு மாலையே போட்டுவிட்டார். உனக்கு ஒன்று ஞாபகம் இருக்கிறதா? நடுவில் உருளைக்குள் டக் டக் என்று சத்தம் வந்தது. சார் அடியில் கையை விட்டு, கறுப்பாக ஒரு ஜல்லியை எடுத்து, இது என்னம்மா என்றார். நீ வாய் திறப்பதற்குள், எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாக, ‘காட்டுக் கல்லு சார், கதிர் அறுக்கும்போது வந்திருக்கும்’ என்று நான் முந்திக்கொண்டேன். நம் கரிசலில் சுக்கான் கல் கிடக்கும், வெள்ளையாக இருக்கும். தார் ஒட்டிய ஜல்லி கரிசலில் ஏது? உன் அம்மா அன்று களத்தில் நின்றிருந்தால் கதிரைத் தொட்டுப் பார்த்தே சொல்லியிருப்பார். வேறொரு காட்டில் அறுப்புக்குப் போயிருந்தார், வரச் சொல்லி நான் கூப்பிடவும் இல்லை.

நீ எதையும் விடாமல் எழுதுகிறவள். உன் பச்சை அட்டை நோட்டை எடுத்துப் பார். அன்றைய பக்கத்தில் ‘11.40, உருளையில் கல் சத்தம், காரணம் தெரியவில்லை’ என்று உன் கையெழுத்தில் இருக்கும். அந்தக் காரணத்தைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதன்பிறகு நடந்தது உனக்கே தெரியும். கண்காட்சியில் ஷீல்டு, உன் பெயரும் என் பெயரும் போட்டுக் கட்டுரை, அந்தக் கட்டுரையைப் பார்த்து உனக்கு எம்.ஈ., இப்போது ஒடிசாவில் ஆராய்ச்சி. நீ ஒவ்வொரு படி ஏறும்போதும், இனி இதைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு நானே அந்தச் சோற்றைச் சாப்பிட்டேன். எனக்கு மில்லில் வேலை கொடுத்தபோதும் அந்த ஷீல்டைத்தான் விசாரித்தார்கள்.

தீபாவளிக்குப் பேசும்போது நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. புது மெஷினில் உருளையைப் பதினொரு தடவை கழற்றி மாட்டியும் எண்பத்தொன்றுக்கு மேல் ஏறவில்லை என்றாய். பழைய அளவு எப்படி வந்தது என்று உன் கைடு கேட்கிறார், அந்தத் தொண்ணூற்றாறை நீயாகப் போட்டுக்கொண்டதாக உடன் படிப்பவர்கள் பேசுகிறார்கள் என்றாய். ‘நான்தான் அன்னைக்குத் தராசத் தப்பாப் பாத்திருப்பேன் லட்சுமி, எனக்கு இந்தப் படிப்புக்குத் தகுதி இல்ல’ என்று நீ சொன்னபோது, நான் என்ன சொன்னேன் தெரியுமா? நல்லாச் சாப்பிடு, எல்லாம் சரியாகும் என்றேன். அதை நினைக்கும்போது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

நீ தராசைத் தப்பாகப் பார்க்கவில்லை. தராசு சரி, நீயும் சரி, கதிர்தான் தப்பு. உன் பழைய மெஷினின் உண்மையான அளவு எழுபத்திரண்டு. நீ தொண்ணூற்றாறிலிருந்து எண்பத்தொன்றுக்கு இறங்கவில்லை சத்யா. எழுபத்திரண்டிலிருந்து எண்பத்தொன்றுக்கு ஏறியிருக்கிறாய். ஒன்றரை வருடமாக முன்னேறிக்கொண்டே இருக்கிறாய், என்னால் அது உனக்கே தெரியாமல் போய்விட்டது.

கடிதம் எழுதியதற்கு இன்னொரு காரணம் என்றேனே, இதுதான். இத்துடன் தனித்தாளில் நடந்தது முழுவதையும் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். உனக்கு எதுவும் தெரியாது, செய்தது நான் மட்டும் என்று அதில் இருக்கிறது. உன் கைடிடம் கொடு. கட்டுரை வந்த பத்திரிகைக்கு நானே தனியாக எழுதிவிட்டேன். அதைத் திரும்பப் பெறச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன், அதனால் உனக்கும் தொந்தரவு வரலாம். சௌந்தரபாண்டியன் சாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். ‘அந்தக் கல்லு எனக்கும் உறுத்துச்சும்மா, நானும் கேக்காம விட்டுட்டேன்’ என்றார். உன் கைடிடம் தானே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். மில்லில் நாளைக்குச் சொல்லப்போகிறேன். என்ன செய்வார்களோ தெரியாது.

அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். ஷீல்டு டிவி மேல்தான் இருந்தது, வருகிறவர்களிடம் எல்லாம் இன்னும் எடுத்துக் காட்டுவார். எனக்காகவா செஞ்ச என்று ஒரு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். சாப்பிடாமல் காட்டுக்குப் போய்விட்டார். அறுக்காமல் விட்டிருந்த ஓர் ஓரத்தைத் தானே அறுத்து, நான்கு கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வந்து இறக்கினார். ‘பெத்தம்மா மகளுக்கு அனுப்பிவிடு. இதுல ஒரு சக்கரமும் ஏறலன்னு எழுது. நான் சொன்னேன்னு எழுது’ என்றார்.

நான்கு கட்டையும் சாக்கில் தைத்து, மதுரையிலிருந்து ரயில் பார்சலில் போட்டிருக்கிறேன். அறுத்த தேதி, காய்ந்த நாள், ஈரப்பதம் எல்லாம் சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். நம் ஊர்க் கதிர், நம் ஊர்ப் பதம். அதை ஓட்டிப் பார். எந்த எண் வருகிறதோ அதை எழுது. எழுபது வந்தாலும் எழுது.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இனி என்னோடு பேசாவிட்டாலும் நியாயம்தான். ஆனால் படிப்பை விட்டுவிட்டு மட்டும் வந்துவிடாதே சத்யா. உன் அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, நான் தப்புச் செய்யவில்லை அம்மா என்று உன் வாயால் சொல். அடுத்த தடவை அவரைப் பஸ் ஸ்டாண்டில் பார்க்கும்போது, என்னை ‘நீங்க’ என்று சொல்ல வேண்டாம் என்று நான் கேட்டுக்கொள்வேன். உன் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டு ஒரு அழைப்பிதழ் அவர் கையில் வரட்டும். எனக்கு அனுப்ப வேண்டாம், அவரிடம் வாங்கிப் பார்த்துக்கொள்கிறேன்.

சாக்கைப் பிரித்ததும் ஒரு கதிரை உருவிக் கையில் தேய்த்துப் பார். லேசில் உதிராது.

உன்னோடு படித்த
முருகலட்சுமி