திடலோரத்து ஆரஞ்சு

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள், அப்பாவுக்கும் வேண்டாம். நான் சுகம். ஈப்போவில் நீங்களும் தம்பியும் சுகமா? இங்கே சிங்கப்பூர் வெயில் நம் ஊரைவிட மோசம்.

முந்தாநாள் மாலை சித்தப்பா மகள் செண்பகத்தைத் திடலுக்குப் பட்டம் பார்க்கக் கூட்டிப்போனேன். ஓரத்தில் ஊதுபத்தி புகைய, ஒரு தட்டில் ஆரஞ்சுப் பழங்கள் இருந்தன. பிரசாதம் என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஆளுக்குப் பாதி தின்றோம். நல்ல இனிப்பு.

பக்கத்து வீட்டு மங்களம் அக்காவிடம் சொன்னதும் சிரித்தார். "அட மக்கு! அது சீனவங்க பசியோட அலையிற ஆவிங்களுக்குப் படைச்சதுலா! பழத்தைக் கேட்டு வீட்டுக்கே வரும் பாரு!"

நேற்றிலிருந்து செண்பகத்துக்குக் காய்ச்சல். வெயில்தான் காரணம் என்கிறார் சித்தி. பழத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. தூக்கத்தில் அவள் யாருக்கோ இடம் விடுவதுபோலச் சுவரோரம் ஒதுங்கிப் படுக்கிறாள். இன்றிரவு அவளை டாக்டரிடம் தூக்கிப்போயிருக்கிறார்கள். வீட்டில் நான் மட்டும்.

கோயில் திருநீறு கொஞ்சம் அனுப்புங்கள். போர்த்திக்கொள்ள உங்கள் பழைய சேலை ஒன்றும். விடிந்ததும் இரண்டு ஆரஞ்சு வாங்கி அதே இடத்தில் வைத்துவிடுவேன்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்கிறது. சித்தியிடம் சாவி இருக்கிறது, அம்மா. அவர் தட்டமாட்டார்