அடுப்படிச் சுவரில் ஒரு கல்

அக்கா,

இன்றைக்குக் காலையில் சிலிண்டர் தீர்ந்துபோனது. உலை கொதிக்க ஆரம்பித்த நேரம் பார்த்து அடுப்பு அணைந்தது. பதிவு செய்தால் வண்டி என்றைக்கு வருமோ, அது அவர்கள் இஷ்டம். மூலையில் மூடி வைத்திருந்த நம் இரட்டைவாய்க் கொடியடுப்பைத் துடைத்து, கொல்லையில் கிடந்த பேக்கிங் கட்டையை உடைத்துச் செருகினேன். பற்றியதும் அந்தப் பிசின் வாசனை வந்து தொண்டையைக் கரித்தது. அடுத்தாற்போல் உன் இருமல் கேட்கும் என்று, பைத்தியக்காரி மாதிரி ஒரு கணம் காத்திருந்தேன்.

அந்த அடுப்பில் பெரிய வாய் உன்னுடையது. மூத்த மருமகள் அல்லவா. நீ எரிக்கிற தீ உள்துளை வழியாக வந்தால்தான் என் பக்கவாய்க்குச் சூடு. குன்றத்தூரில் கேஸ் வைத்த வீட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. "உன் தயவுலதான்க்கா என் கொழம்பு கொதிக்குது" என்று குத்துவேன். "தயவு எங்கடி கீது? பாதி பொகைதான்" என்று நீ சிரிப்பாய். சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிடும்.

நான் வந்த வருஷம்தான் கம்பெனிக்கு நிலம் எடுக்க சர்க்கார் ஆட்கள் வந்து ஊரை அளந்தார்கள். வல்லம் வடகால் பக்கமிருந்து கம்பெனிகள் நகர்ந்து நகர்ந்து நம் வயல்வரை வந்திருந்தன. வயல் போனது. வீடும் போகும், ஓரகடம் ரோட்டோரம் வேறு மனை தருவார்கள் என்றார்கள். டேப் வைத்து அளந்து, சுவரில் சிவப்பாக ஒரு நம்பரைப் போட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவேயில்லை. அன்றிலிருந்து நம் மாமனார் வாயில் ஒரே சொல்தான்: அங்க. கேஸ் வாங்கலாமா மாமா? அங்க போய்ப் பாத்துக்கலாம். அடுப்படிக்கு ஒரு சன்னல்? அங்க. ஆணி அடிக்கக்கூட விடமாட்டார். "அளந்துனு போயிருக்காங்க. ஒரு கல்லு கொறஞ்சாலும் பணத்த அவன் கொறச்சுதான் குடுப்பான்" என்பார். அவர் மட்டுமா, தெருவே அப்படித்தான் நம்பியது. மழையில் சரிந்த சுவருக்குக்கூட மூங்கில் முட்டுக் கொடுத்து, அளந்த அளவிலேயே நிறுத்தி வைத்தார்கள். நாமும் அப்படித்தான் நின்றோம்.

வயலைச் சுற்றி வேலி விழுந்த பிறகு விறகுக்கும் வழியில்லை. உன் வீட்டுக்காரரும் உன் கொழுந்தனும் ஷிப்ட் முடிந்து வரும்போது, கம்பெனியில் கழித்துப் போடுகிற பேக்கிங் கட்டைகளை சைக்கிளில் கட்டி வருவார்கள். அது விறகா? வெடித்து வெடித்து எரியும், சாம்பலில் ஆணி மிஞ்சும். அந்த வெக்கையில் அடுப்பு வாயிலிருந்து பின்பக்கம்வரை விண்டுபோயிற்று. பானை உட்காரும் குமிழ்களில் ஒன்று உடைந்து விழுந்தது. புகை வெடிப்பு வழியாக நம் முகத்தில் அடித்தது. மேலே சிமெண்ட் ஷீட், நாலு பக்கமும் சுவர். அது எங்கே போகும்? உன் நெஞ்சுக்குள்தான் போயிற்று. இருமி முடித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். எனக்கு உன்மேலேயே கோபம் வரும். அந்த மனுஷனிடம் சத்தம் போடேன் என்று மனசுக்குள் கத்துவேன்.

நீ சத்தம் போடவில்லை. வீடு எடுக்கிற நோட்டீஸ் என்ன ஆயிற்று என்று மாமா விசாரிக்க ஸ்ரீபெரும்புதூர் போன அன்றைக்கு, "வாடி, மண்ணு எடுத்தாரலாம்" என்றாய். கம்பெனிக்குக் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்து ஓரம் களிமண் குவிந்திருந்தது. இரண்டு கூடை அள்ளினோம். நெல்லே போடாத வீட்டில் உமிக்கு எங்கே போவது? மாட்டுக்கொட்டாய்க் கூரையிலிருந்து வைக்கோலை உருவி, நறுக்கிப் போட்டு மிதித்தோம். நான் என் சாமர்த்தியத்தைக் காட்ட, எல்லா வெடிப்பையும் அடைத்து அழகாக வழித்துவிட்டேன். நீ குனிந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தே போனாய்.

"அடிப்பாவி, தீ வர்ற தொளையையும் அடச்சிட்டியே. உன் கொழம்ப எங்க வெப்ப, என் தலையிலயா?"

உள்ளே கைவிட்டுத் துளையைத் தோண்டித் திறந்தாய். அன்றைக்கு நீ இருமாமல் சிரித்தாய். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அதோடு விட்டாயா? தோசைக்கரண்டிக் காம்பால் அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு செங்கல்லைச் சுற்றிச் சுரண்ட ஆரம்பித்தாய். மண்சாந்து பொலபொலவென்று உதிர்ந்தது. "அக்கா, மாமா கொன்னுடுவாரு" என்றேன். கல் கையோடு வந்தது. அந்த ஓட்டையில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தாய். "காத்து வருதுடி" என்றாய். நானும் எட்டிப் பார்த்தேன். கம்பெனி காம்பவுண்டுச் சுவரும் அதன் மேல் முள்கம்பியும்தான் தெரிந்தன. அதுவே போதும்போல் இருந்தது.

சமையல் முடிந்ததும் கல்லைத் திரும்பச் செருகி, சந்தில் சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டாய். மாமா வந்து ஈர அடுப்பைப் பார்த்தார். "இடிக்கப் போற வூட்டுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றார். "இடிக்கற வரிக்கும் துன்னணும் இல்ல மாமா" என்றாய், தலை நிமிராமல். சுவரை அவர் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு தினமும் அடுப்பு மூட்டும்போது கல்லை உருவுவதும், இறக்கியதும் மூடுவதுமாக இருந்தோம்.

ஒரு கல் அளவுக் காற்று உனக்குப் போதவில்லை அக்கா. ஆஸ்பத்திரியில் டாக்டர், "வீட்ல விறகு அடுப்பா? மாத்திடுங்க" என்றார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீ போன பிறகுதான் கேஸ் வந்தது. அந்த நீலத் தீயை இந்த வீட்டில் முதல்முதலாக மூட்டிவிட்டு, நம் கொடியடுப்பை மூடி வைத்தேன்.

உன் காரியம் முடிந்த மறுநாள் கல்லை உருவி எடுத்தேன், திரும்ப வைக்கவில்லை. மாமா பார்த்துவிட்டு, "கல்லு எங்க?" என்றார். "அங்க" என்றேன். அன்றோடு அந்தச் சொல்லை அவர் விட்டுவிட்டார்.

இன்றைக்கு உன் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும்போது மறுபடியும் அளக்க வந்தார்கள். பழைய அளவு செல்லாதாம், முதலிலிருந்து அளக்க வேண்டுமாம். டேப் பிடித்தவன் அடுப்படிக்குள் குனிந்து வந்து, ஓட்டையைக் காட்டி, "இது இன்னா?" என்றான். நான் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"சன்னல்."

"கிச்சன், சன்னல் ஒண்ணு" என்று அவன் வெளியே இருந்தவனிடம் சத்தமாகச் சொன்னான்.

மறுபடியும் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். எடுப்பார்களா, இன்னும் பத்து வருஷம் இப்படியே நிறுத்தி வைப்பார்களா, தெரியாது. அந்தக் கல் என் அரிசிப் பானைக்கு அடியில் முட்டுக் கொடுத்துக் கிடக்கிறது. இந்த வீட்டை விட்டுப் போனால் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போவேன். போகாவிட்டாலும் அந்த ஓட்டையை அடைக்க மாட்டேன்.