வேறு ஊருக்குப் போன அணி

இஞ்சாருங்கோ,

நீங்கள் எழுதிய பேஸ்போல் அணியின் வரலாற்றை நேற்றுத்தான் வாசித்து முடித்தேன். அந்தச் சின்ன நகரத்தில் பந்து வீசியவர்களில் யாருக்கு எந்தத் தோள் நொந்தது என்பதுகூட உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. என் முழங்கால் ஒப்பரேஷனுக்கு முன் எந்தக் கால் என்று நேர்ஸ் கேட்டபோது, என் முகத்தைப் பார்த்து முழித்தீர்கள்.

அணி வேறு ஊருக்குப் போன பிறகு, வெறும் மைதானத்தில் நின்று அழுததாகக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்பது ஆம்பிளைகளுக்காக அழத் தெரிந்த கண்ணா அது?

நான் உங்களை விட்டு ரெக்ஸ்டேலில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகிறது. "அத்தான் போன் எடுத்தவரோ?" என்று தங்கச்சி தினமும் கேட்கிறாள்.

"ஓம், எடுத்தவர்" என்று பொய் சொல்கிறேன்.

அந்த மைதானத்தில் நின்றதுபோல, நான் சமைத்த எங்கள் குசினியிலும் ஒருக்கால் போய் நின்று பாருங்கோ.

உங்கள் மனிசி