கட்டிலுக்கு அடியில் மாமியார்

மார்ச் 3, திங்கள்

பல் டாக்டர் இன்றும் லைசென்ஸ் தேர்வில் தோற்றுவிட்டார். மூன்றாவது தடவை. ஊரில் பாதிப் பேரின் பல்லைக் கை நடுங்காமல் பிடுங்குகிற டாக்டரம்மா, ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் வெலவெலத்துப் போகிறார். திரும்பி வரும் வழியில் நான் கத்தியது கொஞ்சம் அதிகம்தான். தொண்டை கட்டிக்கொண்டது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் 'பிரேக்' என்ற ஒரே சொல்லைக் கத்தியே பிழைப்பு நடத்துகிறான். தொண்டை என்ன செய்யும் பாவம்.

மாலையில் அக்கா போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் நாய்க் காப்பகத்துக்குப் போய் நாய்களைக் குளிப்பாட்டிவிட்டு வருகிறாள். அங்கே ஒரு நாய் இருக்கிறதாம். சின்னது, வயதானது, பயந்த சுபாவம். நான் எடுத்து வளர்க்கலாமாம். தனியாக இருக்கிறவனுக்குப் பேச்சுத்துணையாம். நாய் எங்கே பேசும் என்றேன்.

"நீ மட்டும் பேசுறியா? கத்துறே. கேக்க ஒரு ஆள் வேணாமா?"

யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அக்காவைப் பொறுத்தவரை யோசிக்கிறேன் என்றால் சரி என்று அர்த்தம். தெரிந்தும் ஏன் வாயைக் கொடுத்தேன்?

மார்ச் 8, சனி

வந்தாயிற்று. காப்பகத்துப் பெண்மணி ஒரு மூடி போட்ட கூடையில் கொண்டுவந்தார். பழுப்பு நிறம், முகமெல்லாம் நரை, ஒரு காது நிமிர்ந்தும் இன்னொன்று மடிந்தும் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தது. வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தது. எதுவும் திருப்தியில்லை என்ற முகத்தோடு நேராகக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஐம்பத்தேழு வயது வரை கல்யாணத்திலிருந்து தப்பித்தவன் நான். இப்போது மாமியார் மட்டும் தனியாக வந்து சேர்ந்திருக்கிறார்.

பெண்மணி கண்டிப்பானவர். அதட்டக் கூடாது, உற்றுப் பார்க்கக் கூடாது, கையை நீட்டக் கூடாது என்று ஏகப்பட்ட கூடாதுகள். மாதக் கடைசியில் வந்து பார்ப்பாராம். அதற்குள் என்னிடம் ஒட்டவில்லை என்றால் திரும்பக் கொண்டுபோய்விடுவாராம். ஏற்கெனவே இரண்டு வீட்டுக்காரர்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மாதக் கடைசிதானே, அதுவரை சமாளித்துவிட்டால் அக்கா வாயை மூடிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

கட்டிலுக்கு அடியில்.

மார்ச் 10, திங்கள்

கட்டிலுக்கு அடியில். நான் வெளியே போயிருந்தபோது தட்டு காலியாகியிருக்கிறது. நான் வீட்டில் இருந்தால் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. யாருக்கு யார் வீடு இது?

மார்ச் 12, புதன்

பெண்மணியிடம் போனில் கேட்டேன். முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து எதையாவது மெதுவாகப் படியுங்கள், குரல் பழகட்டும் என்றார். வீட்டில் இருக்கிற ஒரே புத்தகம் சாலை விதிகள். சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, முந்திச் செல்லக் கூடாத இடங்கள் என்ற அத்தியாயத்தைப் படித்தேன். பாலத்தின் மேல் முந்தக் கூடாது, வளைவில் முந்தக் கூடாது. பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது. அப்புறம் குறட்டை. என் மாணவர்களும் இந்த இடத்தில்தான் தூங்குவார்கள்.

மார்ச் 14, வெள்ளி

இன்று மாமியார் மூக்கும் முன்னங்கால்களும் வெளியே தெரியும் அளவுக்கு வந்தார். டிவியில் ஒரு கார் துரத்தல். என்னையறியாமல் 'பிரேக்' என்று கத்தி, காலால் ஓங்கி உதைத்ததில் முன்னால் இருந்த முக்காலி பறந்தது. மாமியாரும் பறந்தார்.

மடையன். மடையன். டிவி கம்பியைப் பிடுங்கிவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா வந்தாள். நான் சுவரைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்து, வண்டி நிறுத்துமிடங்களைப் பற்றித் தாலாட்டுக் குரலில் படித்துக்கொண்டிருந்ததைக் கதவருகே நின்று பார்த்திருக்கிறாள். போகும்போது, தினமும் சரியாகத் தூங்குகிறாயா என்று விசாரித்தாள்.

மார்ச் 18, செவ்வாய்

கீழ்வீட்டு வயலின் வாத்தியார் மாடியேறி வந்தார். நான் வேலைக்குப் போனதும் மாமியார் ஊளையிடுகிறாராம். சுருதி சுத்தமாக இருப்பதால் அவருடைய மாணவர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டு அதைக் கேட்கிறார்களாம். வருத்தமாகச் சொன்னார்.

ஊளையா? நான் இருந்தால் திரும்பிக்கூடப் பார்க்காதவர், நான் இல்லை என்று அழுகிறாரா? இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நாளையிலிருந்து வண்டியில் கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

மார்ச் 19, புதன்

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நேற்றே மூடி போட்ட ஒரு கூடை வாங்கிக் கட்டிலருகே வைத்திருந்தேன்; காலையில் மாமியார் தானாகவே அதற்குள் தூங்கிக்கொண்டிருக்க, அப்படியே மூடிப் பின்சீட்டில் வைத்துவிட்டேன். பல் டாக்டர் கடிக்குமா என்று கேட்டார். பார்க்கவே மாட்டார் என்றேன். வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் மாமியார் மூடியை முட்டித் திறந்து, என் சீட்டுக்கு அடியில் நுழைந்து, என் காலடிக்கு வந்துவிட்டார். பயிற்சி வண்டி என்பதால் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதன் மேலேயே தாடையை வைத்து, முதுகை என் ஷூவின் மேல் சாய்த்துப் படுத்துக்கொண்டார்.

வண்டியை ஓரங்கட்டச் சொல்லியிருக்க வேண்டும். தெரியும். இத்தனை நாளில் முதல் தடவையாக என்னைத் தொட்டிருக்கிறார். ஷூவுக்குள் சூடு தெரிந்தது. அசைந்தால் போய்விடுவார். இன்னும் ஒரு நிமிஷம், இன்னும் ஒரு நிமிஷம் என்று இருந்துவிட்டேன்.

கத்தவும் முடியாது. சாலை விதிகள் படிக்கிற குரலில் டாக்டருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

கடைத்தெருவில் ஒரு சந்திலிருந்து பால் வண்டி பின்னோக்கி வந்தது. கால் தானாக எழும்பி, அந்தரத்தில் நின்றுவிட்டது. மிதித்தால் மாமியாரின் தாடை.

"மேடம், நிறுத்திடுங்க."

அவ்வளவுதான் சொன்னேன். அதுவும் மெதுவாக. வண்டி நின்றது. பால் வண்டிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ஆள் நுழைய இடம் இருந்தது.

"நல்லவேளை சார், நீங்க பிரேக் போட்டீங்க."

"நான் போடலை."

குனிந்து பார்த்தார். மாமியார், தூக்கத்தைக் கெடுத்துவிட்ட எரிச்சலோடு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"அப்ப நானா நிறுத்தினேன்?"

வீடு வரும்வரை இதையே கேட்டுக்கொண்டு வந்தார். அவர் கால் பிரேக்குக்குப் போகும் முன்பே இத்தனை மாதமும் என் கால் முந்திக்கொண்டு போயிருக்கிறது. பிறகு அவர் எப்படிக் கற்றுக்கொள்வார்?

ஆனாலும் இனி என் காலடியில் இடம் இல்லை. இன்று தப்பித்தது மூவரின் அதிர்ஷ்டம்.

மார்ச் 21, வெள்ளி

காரில் நாய்க்கு மாட்டுகிற சீட் பெல்ட் வாங்கி வந்தேன். எவ்வளவோ கெஞ்சியும் பிடிகொடுக்கவில்லை. வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அள்ளித் தூக்கிப் பின்சீட்டில் வைத்து மாட்டிவிட்டேன். கடிக்கவில்லை, குரைக்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சீட்டை நனைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில், சுவரோரம், கோடி மூலைக்குப் போய்விட்டார்.

மார்ச் 24, திங்கள்

சாப்பிடவில்லை. விதிகள் படித்தால் குறட்டையும் இல்லை. வகுப்புகளை எல்லாம் ரத்து செய்தேன். காரணம் கேட்டவர்களிடம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று வாயில் வந்ததைச் சொன்னேன். எல்லோரும் அக்கறையாக விசாரித்தார்கள். ஒருவர், உங்களுக்குக் கல்யாணம் ஆன விஷயமே தெரியாதே சார் என்று வருத்தப்பட்டார்.

மார்ச் 26, புதன்

கொஞ்சம் கோழி தின்றார். அக்கா போனில், ஞாயிற்றுக்கிழமை அந்தம்மா வருகிறார், நினைவிருக்கிறதா என்றாள்.

'இருக்கு' என்று மட்டும் சொல்லி போனை வைத்தேன். மறக்குமா? அன்னிக்கு மாசக் கடைசி எப்ப வரும்னு இருந்தேன். இப்ப காலண்டரைப் பார்க்கவே பிடிக்கலை. போனா போகட்டும்னு இருக்க முடியலை — அந்த ஓரத்துல ரெண்டு கண்ணு தெரியாம இந்த வீட்டுல நான் என்ன பண்ணுவேன்? அங்க போனா மூணாவது தடவை திரும்பி வந்த நாய்னு சொல்லுவாங்க. அப்புறம் யார் எடுப்பாங்க? தப்பு என்னோடது. நேரமாச்சுன்னு தூக்கினது நான்தானே.

மார்ச் 30, ஞாயிறு

பெண்மணி வந்தார். காலையிலேயே வீட்டைப் பெருக்கி, சட்டையை இஸ்திரி போட்டு, பெண் பார்க்க வருகிற மாதிரி காத்திருந்தேன். அக்காவும் வந்திருந்தாள்.

கேள்விகள் ஆரம்பித்தன. கூப்பிட்டால் வருகிறதா? இல்லை. கையிலிருந்து வாங்கிச் சாப்பிடுகிறதா? இல்லை. மடியில் உட்காருமா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொட விடுகிறதா? ஒருநாள் என் ஷூவைத் தொட்டார் என்றேன். பெண்மணி என்னையே பார்த்தார். சொல்லும்போதே எனக்கே கேவலமாகத்தான் இருந்தது.

அவர் எழுந்து போய் வாசலில் வைத்திருந்த தன் கூடையைக் கொண்டுவந்து தரையில் வைத்து, மூடியைத் திறந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அக்கா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தரையில் நகம் கீறும் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினேன். மாமியார் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே ஓடிவருகிறார். கூடைக்குத்தான் போகிறார், பழைய இடமே தேவலாம் என்று முடிவு செய்துவிட்டார் என்று நினைத்தேன். கூடையைத் தாண்டி வந்தார். எனக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து, என் கால்களுக்குப் பின்னால் முகத்தைப் புதைத்துக்கொண்டார். உடம்பு முழுக்க நடுங்கியது. நான் மூச்சுகூட விடவில்லை.

பெண்மணி கூடையை மூடினார்.

"பயந்தா எங்க ஓடுதுன்னு பாக்கத்தான் சார் நாங்க வர்றோம். கட்டிலுக்கு அடியிலேயே இருந்திருக்கலாம். அதை விட்டுட்டு உங்ககிட்ட வந்து ஒளியுது பாருங்க."

அவர்கள் போன பிறகு அழுதேன். இதை அக்காவிடம் சொல்வதாக இல்லை. மாமியார் அங்கேயே, காலுக்குப் பின்னாலேயே இருந்தார். நானும் ஜன்னலோரமாகவே நின்றுகொண்டிருந்தேன், கால் மரத்துப்போகும்வரை.

ஏப்ரல் 4, வெள்ளி

பல் டாக்டர் தேறிவிட்டார். மாமியாருக்கு ஒரு பிரஷ் கொண்டுவந்தார், பல் ரொம்ப மோசமாம். டாக்டர் போகும்வரை மாமியார் வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. இடது கையால் எழுதுகிறேன். வலது கை மாமியாரின் தலைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அசந்து தூங்குகிறார். வகுப்புக்கு இன்று நேரமானால் ஆகட்டும்.