ஏலத்துக் குலை

திருவட்டாறு,
ஞாயிற்றுக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான அத்தானுக்கு ஜெப்சி எழுதுவது. எல்லாரும் சுகம் என்று எழுதித் தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். பொய்யாகிவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

போனில் வெறும் உம் மட்டும் கொட்டுகிறாயே, என்ன கோபம் என்று கேட்டிருந்தீர்கள். பதில் தாமதம்தான். போனில் பேசினால் மாமி ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். என் குரல் கொஞ்சம் உயர்ந்தாலே உங்களுக்கு மஸ்கட்டில் நெட் போய்விடும். கடிதத்துக்கு நெட் வேண்டாம். பெனிஷ் வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். நடுவில் நிறுத்தாமல் வாசியுங்கள்.

சிக்கனம் எனக்குத் தெரியாததல்ல அத்தான். பழைய பல்புகளைக் கழற்றி எல்.இ.டி. போட்டது நான். பயறை முந்தின நாளே ஊறப்போட்டு, ஒரு விசிலில் அடுப்பை அணைத்து, மிச்சச் சூட்டில் வேகவிடுவது நான். துணியைச் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் இஸ்திரி போடுகிறேன். தேய்ந்த சோப்புத் துண்டுகளை ஊறவைத்துத்தான் பாத்ரூம் கழுவுகிறேன். இதற்கெல்லாம் யாரும் எனக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பவில்லை.

நீங்கள் அனுப்புவது வேறு. கூடத் தங்கியிருக்கும் மலையாளிகளிடமிருந்து ஒரு சொல்லைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள், "லாபிக்கணும்." மிச்சம் பிடிக்கணும் என்று அர்த்தம். எதை எடுத்தாலும் லாபிக்கணும். ராத்திரியானால் பிரிட்ஜை அணைக்கச் சொன்னீர்கள். விட்ட குளிரைப் பிடிக்கக் காலையில் மோட்டார் விடாமல் ஓடும், பெரிய மிச்சம் ஒன்றும் இருக்காது என்று பிஸிக்ஸ் படித்தவள் சொன்னேன். "ஓ, விஞ்ஞானி வந்துட்டா" என்றீர்கள். இரண்டு தரம் கெட்டுப்போன மீன்கறியைத் தென்னை மூட்டில் கொட்டினோம். அதையும் பொறுத்தேன்.

விறகைத்தான் பொறுக்க முடியவில்லை. "வெளையில ரப்பர் விறகு சும்மாதான கெடக்கு, கேஸ் எதுக்கும்மா?" என்று மாமியிடம் கேட்டீர்கள். அன்றைக்கே மாமி சிலிண்டரை மூலைக்குத் தள்ளிப் பழைய சேலையால் மூடிவிட்டார்கள். விருந்தாட்கள் வந்தால் மட்டும் திறக்கலாமாம். இங்கே மழை விடவில்லை. நனைந்த ரப்பர் விறகு எப்படிப் புகையும் என்று விளையில், ரப்பர் தோட்டத்துக்குள் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அடுக்களைக்கும் பிளஸ்ஸி படுக்கும் அறைக்கும் இடையில் கதவு கிடையாது. அடுத்த லீவில் போடலாம் என்று தள்ளிவைத்தது நீங்கள்.

போன மாதம் அவளுக்குச் சளி என்று சொன்னோமே, அது சளி இல்லை. மூச்சு முட்டி உதடு நீலமாகி, ஜான்ரோஸின் ஆட்டோவில் மார்த்தாண்டம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். மூன்று வயதுப் பிள்ளை, முகத்தில் மாஸ்க்கை வைத்துப் புகை மாதிரி மருந்தை ஏற்றினார்கள். உங்களிடம் மறைத்தது மாமியின் யோசனை. "கடலுக்கு அக்கரை கெடக்கவனுக்கு ஆதி கூட்டண்டாம் மக்கா" என்றார்கள். நானும் சரி என்றேன். இப்போது அந்தக் கவலையைக் கூட்டுகிறேன்.

டாக்டர் அம்மா முதலில் கேட்டதே வீட்டில் விறகு அடுப்பா என்றுதான். நான் வாயைத் திறக்குமுன் மாமி இல்லை என்று தலையாட்டினார்கள். அவர்கள் சேலையிலிருந்தே புகை நாற்றம் வந்துகொண்டிருந்தது. டாக்டர் அம்மா மாமியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, இனி இந்தப் பிள்ளை இருக்கும் வீட்டில் புகை கூடாது, அடுத்த தடவை இவ்வளவு தூரம் கொண்டுவர நேரம் கிடைக்குமோ என்னமோ என்றார்கள். அந்த வார்த்தை என் காதை விட்டுப் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேஸைப் பற்றவைக்கப் போனேன். பிபின்கிட்ட கேக்காம வேண்டாம் என்று மாமி சிலிண்டருக்கு முன்னால் நின்றார்கள். உங்களிடம் கேட்டால் ஆஸ்பத்திரிக் கதையையும் சொல்ல வேண்டும், அதனால் கேட்கவும் இல்லை. அடுப்பு எரியும் நேரமெல்லாம் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுச் சபிதாவிடம் போய் உட்கார்ந்திருந்தேன். மழையில் குடை பிடித்துக்கொண்டு, என் வீட்டுச் சமையலுக்குப் பயந்து.

அப்படியிருக்கும்போதுதான் கோயிலில் அறுப்பின் பண்டிகை வந்தது. காணிக்கைப் பொருள் ஏலத்தில் அந்த ஏத்தன் வாழைக்குலையைத் தூக்கி வைத்தார்கள். ஜான்ரோஸ் போனை உயர்த்திப் பிடித்தான், அதில் உங்கள் முகம். குவைத்திலிருந்து லீவில் வந்திருக்கும் ஆன்ஸ்லின் விலையை ஏற்ற ஏற்ற நீங்களும் ஏற்றினீர்கள். ஏலம் விட்ட யேசுரத்தினம் மாமா மைக்கில், "மஸ்கட்டுக்காரன் விடமாட்டான், பாத்துக்கிடுங்க" என்று ஊதிவிட்டார். நீங்கள் விடவில்லை. சபை கை தட்டியது. என் மடியில் பிளஸ்ஸியின் நெஞ்சு குறுகுறு என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. சபிதா என் காதில், "ஏட்டி, ஒனக்க மாப்பிள ஒரு குலைக்கு ஒரு வருசத்துக் கேஸைக் குடுத்துட்டானே" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்தால் நல்லது என்றிருந்தது.

கர்த்தருக்குக் கொடுப்பதை நான் கணக்குக் கேட்கவில்லை அத்தான். ஆனால் வீடியோவில் முகம் காட்டி ஆன்ஸ்லினைத் தோற்கடித்துக் கொடு என்று கர்த்தர் கேட்டிருக்க மாட்டார். ஊரார் முன்னால் அள்ளிவிடுவதற்கு அடுக்களையில் ஏன் லாபிக்க வேண்டும்? இந்த வீட்டில் லாபிக்க இனி பிள்ளையின் மூச்சுதான் பாக்கி.

கோயிலிலிருந்து வந்த உடுப்பை மாற்றாமலே சிலிண்டரை இழுத்து அடுப்பில் மாட்டினேன். மாமி இந்தத் தடவை குறுக்கே நிற்கவில்லை. சிலிண்டரை மூடியிருந்த சேலையை மடித்து வைத்துவிட்டு, "அவன் கேட்டா நான் என்ன சொல்லட்டு?" என்று மட்டும் கேட்டார்கள். கேட்டு முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அவர்களுக்கும் இந்த மழை தொடங்கினதிலிருந்து இருமல்தான். மகன் சொன்ன சொல்லைத் தாண்டக்கூடாது என்று அதையும் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர்கள்மேல் இருந்த என் கோபம் அங்கே பாதி செத்தது. செத்த பாதியையும் உங்கள் கணக்கில் ஏற்றியிருக்கிறேன்.

ஒன்று தெளிவாக எழுதிவிடுகிறேன். இனி ஒருநாள் அந்த விறகு அடுப்பு எரிந்தால், நான் பிள்ளையோடு நாகர்கோவிலில் எங்கள் அப்பா வீட்டில் இருப்பேன். சபிதா வீட்டில் அல்ல. பயமுறுத்த எழுதவில்லை, பயந்துபோய் எழுதுகிறேன். ராத்திரி பிரிட்ஜும் ஓடும்.

பெனிஷ் கொண்டுவரும் பொதியில் சிப்ஸ் இருக்கிறது. நீங்கள் ஏலத்தில் எடுத்த குலைதான். காயாக இருக்கும்போதே சீவி, கேஸில் வறுத்தேன். முழுக்கக் கேஸில். வறுத்துக் கொட்டினபோது பிளஸ்ஸி ஒன்றை எடுத்து, இது அப்பாவுக்கு, சுடும் என்று வாயைக் குவித்து ஊதினாள். ஊதி ஊதி ஆற்றிவிட்டுத்தான் பொதியில் போட்டாள். அவளுக்கு ஊத மூச்சு இருந்தது. நான் கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன், அடுத்த ஈடு கருகிவிட்டது.

கர்த்தர் உங்களுக்கு நல்ல சுகமும் குறைவில்லாத சுவாசமும் தரட்டும். அந்தச் சுவாசத்தில் கொஞ்சம் எடுத்து உங்கள் அம்மாவைக் கூப்பிடுங்கள். அடுப்பில தீ போடண்டாம்மா என்று நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நெட் போகுமுன் சொல்லிவிடுங்கள்.

உங்கள் பிளஸ்ஸியின் அம்மா,
ஜெப்சி