ஷிஜு வராத வழி

வெள்ளறடை
20-1-2025

கனகதாசுக்கு பொன்னப்பன் எழுதுவது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை டிவியில், மார்பு நிறைய மெடல் குத்திய பட்டாளக்காரர்கள் முன்னால் நின்று, என் மகன் ஷிஜுவின் பெட்டி உன் ரப்பர் விளை வழியாக வீட்டுக்கு வந்தது என்று நீ சொன்னாய். அது பொய். அன்று உன் கேட் பூட்டிக் கிடந்தது. பூட்டினவன் நீ. பெட்டி கால்வாய்க் கரை வழியாக வந்தது.

இதை மதிலுக்கு இந்தப்புறம் நின்று சொன்னால் உனக்குக் கேட்கும். ஆனால் ஷிஜுவுக்குத் தீ வைத்த அன்று, இனி உன்னிடம் வாய் திறக்க மாட்டேன் என்று சொன்னவன் நான். கை எழுதாது என்று சொல்லவில்லை. அதனால் தபால்.

நிகழ்ச்சியை முதலிலிருந்தே பார்த்தோம். வெள்ளத்தில் கூரை மேல் நின்ற குடும்பத்தைத் தூக்கி வந்த ஒரு பையனுக்கு முதல் விருது கொடுத்தார்கள். அவன் மேடையில் பேசத் தெரியாமல் சல்யூட் மட்டும் அடித்தான். அவனுக்காக நான் வீட்டில் எழுந்து நின்றேன். அடுத்தது கால் போனவர்களுக்கு நடக்கச் சொல்லிக் கொடுக்கும் ஒரு நர்சு. அவளுக்கும் நின்றேன். அதன் பிறகு ‘வீரர் குடும்பங்களின் துணைவர்’ என்று சொல்லி உன் பெயரைக் கூப்பிட்டார்கள். உட்கார மறந்து நின்றுகொண்டே பார்த்தேன். கசவு வேட்டி, புது ஜிப்பா. மேலிருந்து படம் பிடித்து உன் வழியைக் காட்டினார்கள், நீலப் பலகையில் ‘வீர ஜவான் ஷிஜு நினைவு வழி’. பிறகு ரப்பர் மரங்களுக்கு நடுவே கூலிக்கு வந்த ஆட்கள் பட்டாள உடுப்பில் ஒரு பெட்டியைச் சுமந்து மெதுவாக நடந்தார்கள். வெயில் தங்கமாக விழுந்தது. அன்று வெயிலா அடித்தது? ஜூன் மாதத்து இடவப்பாதி மழை. கரையில் சேறு. சுமந்த பிள்ளைகளில் ஒருவன் முட்டுக் குத்தி விழுந்தான். பெட்டி சரிந்தது. கொடி நனைந்து பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. அதை நேராக்க யாருக்கும் கை ஒழியவில்லை. பின்னால் நடந்தவன் நான்.

‘எங்கள் தோளில்தான் அவன் வீட்டுக்கு வந்தான்’ என்று மலையாளத்தில் சொல்லிக் கண்ணைத் துடைத்தாய். நிகழ்ச்சி நடத்திய பெண்ணும் துடைத்தாள்.

அந்த டிவிக்காரர்களுக்கு உண்மையை எழுது. விருது என்று தந்த அந்தக் கண்ணாடிச் சிலையைத் திருப்பிக் கொடு. வேறு ஒன்றும் உன்னிடம் கேட்கவில்லை.

பொன்னப்பன்


வெள்ளறடை
24-1-2025

மரியாதைக்குரிய அத்தானுக்கு கனகதாஸ் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு எல்லாரும் சுகம். அங்கும் சுகம்தான் என்பது நீங்கள் காலையில் விறகு கொத்தும் சத்தத்தில் தெரிகிறது. அக்காவின் இருமல் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறது.

உங்கள் கடிதம் கிடைத்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகு உங்கள் கையெழுத்தைப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷம்தான். வைதாலும் சந்தோஷம்.

டிவிக்காரர்கள் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. நீங்கள் மண்வெட்டியோடு வெளியே வந்தீர்கள். அவர்கள் என் முற்றத்துக்கு ஓடி வந்தார்கள். வழியைப் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்ததையும் மருமகன் ஷிஜுவின் பெயரை வைத்ததையும் மட்டும் சொன்னேன். மற்றதெல்லாம் அவர்கள் எழுதியது. மேடைக்குப் பின்னால் ஒரு பையன் வந்து, ‘சார், பெட்டியை இந்த வழியாகக் கொண்டு வந்தோம் என்று மட்டும் சொல்லுங்கள், படம் எடுத்தாயிற்று’ என்றான். வெளிச்சத்தில் கண் கூசியது. சொல்லிவிட்டேன்.

ஆனால் அத்தான், பூட்டினவன் நான் என்று எழுதினீர்களே, பூட்டு திறக்காமல் போனது யாரால் என்று எழுதினீர்களா? அப்பா பாகம் வைத்தபோது ரோட்டோரம் எனக்கு, பின்பக்கம் அக்காவுக்கு என்று எழுதினார். நடுவில் வழி எழுத மறந்துவிட்டார். அதற்குத்தான் நீங்கள் என் மேல் நெய்யாற்றின்கரை கோர்ட்டில் கேஸ் கொடுத்தீர்கள். கேஸ் நடக்கும்போது மருமகன் போய்விட்டான். பிணம் ஒரு தடவை போன வழியை அப்புறம் அடைக்கக் கூடாது என்பது நம் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நான் பயந்தேன். பயந்தாலும் மெம்பர் செல்லசாமியை உங்களிடம் அனுப்பினேன். இது இன்றைக்கு மட்டும், கேசுக்குச் சேராது என்று இரண்டு பேர் கேட்க ஒரு வார்த்தை சொன்னால் போதும், கேட்டைத் திறக்கிறேன் என்றேன். பட்டாள வண்டி ரோட்டில் நிற்கிறது. மழை பெய்கிறது. சாவி என் கையில். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று செல்லசாமி வந்து சொன்னதை நான் மறக்கவில்லை.

‘எனக்க மவனுக்குப் போவ அவன்கிட்ட ஒப்பந்தம் பேசணுமாலே? போயி அவன்ட்ட சொல்லு, ஷிஜு ஆகாயம் வழியா வந்தாலும் வருவான், அவனுக்க மண்ணை மிதிக்க மாட்டான்.’

ஒரு வார்த்தை அத்தான். ஒன்றே ஒன்று.

போனது போகட்டும். இப்போது வழி திறந்து கிடக்கிறது. அக்கா வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிசுக்குப் போக அந்தக் கரை வழியாக நடந்து ரோட்டுக்கு வருவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. திரும்பி வரும்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் வருகிறாள். ஆட்டோக்காரப் பையன் ஜெனிலின் வண்டி உங்கள் முற்றம் வரை வரும். ஒரு பேச்சும் பேச வேண்டாம். சும்மா இருங்கள், அது போதும்.

அன்புடன்
கனகதாஸ்


வெள்ளறடை
30-1-2025

கனகதாசுக்கு பொன்னப்பன் எழுதுவது.

ஆமாம், சொன்னேன். செல்லசாமி ஒரு எழுத்துக் குறைக்காமல் உன்னிடம் சேர்த்திருக்கிறான். நல்ல மெம்பர். இன்று வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

உன் மருமகன் அருணாசலப் பிரதேசத்தில் மண் சரிந்து செத்து, எங்கெங்கோ சுற்றி வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறான். முன்னால் போய்க் கேட்டைத் திறக்க வேண்டியவன் தாய்மாமன். நீ உள்ளே நின்றுகொண்டு கேசைப் பற்றி யோசித்தாய். நான் வார்த்தை கொடுத்திருந்தால் என் மகன் உன் தயவில் வந்தவன் ஆவான். கொடுக்காததால் சேற்றில் வந்தான். சேறு கழுவினால் போய்விடும்.

வழியைப் பஞ்சாயத்துக்குக் கொடுத்தேன் என்கிறாய். எப்போது கொடுத்தாய்? ரப்பர் விலை கீழே போய், விளையைத் துண்டு போட்டு வீட்டுமனையாக விற்க நினைத்தபோது. மனைக்கு வண்டி போகும் வழி வேண்டும். வழிக்கு ஒரு பெயர் இருந்தால் கேட்கிறவனுக்குப் பிடிக்கும். என் மகன் உன் மனைக்குக் காவல் நிற்கிறான், சம்பளம் இல்லாமல்.

கேஸ் எனக்கு எதிராகத் தீர்ந்தது. தீர்ந்ததை ஒத்துக்கொண்டேன். வழி இல்லை என்று கோர்ட் சொன்ன பிறகு அந்த வழியில் நடக்க எனக்கு என்ன உரிமை? நான் சட்டத்தை வாசகசாலையில் உட்கார்ந்து தனியாக எழுத்துக்கூட்டிப் படித்தவன். படித்தபடி நிற்கிறேன்.

தபால்காரி பிரசீதா உன் கடிதத்தை நீட்டும்போது, ‘அப்பூப்பா, நீங்க ரண்டு பேரும் மதிலுக்க நடுவுல ஒரு ஓட்டை போட்டா எனக்க வண்டிக்கு பெட்ரோல் மிச்சமாக்கும்’ என்றாள். சிரிக்கிற விஷயமாகிவிட்டோம்.

ஒன்றை உன்னிடம் சொல்ல விருப்பமில்லை. ஆனால் எழுதுகிறேன். அந்தப் படத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவே பெட்டி வந்தபோது உன் அக்கா சரசம்மா அழவில்லை. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, ‘இப்படி வந்திருக்கலாம் இல்லியா, மழை நனையாம’ என்றாள். அது நடிப்பு, பெட்டிக்குள்ளே ஒன்றும் கிடையாது என்று நான் கத்தினேன். அவள் திரும்பிப் பார்த்து, ‘ஒங்களுக்கு அன்னைக்கும் வாசியும் பிடிவாதமும்தான் பெருசு, இன்னைக்கும் வாசிதான் பெருசு’ என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் அதிகம் பேசவில்லை.

எனக்கு என் மகன் செத்ததுதான் மிச்சம் இருந்தது. அது எப்படி நடந்ததோ அப்படியே இருந்தது. அதையும் நீ வெயில் போட்டு, பாட்டுப் போட்டு மாற்றிவிட்டாய். அவன் அம்மாவே இப்போது உன் படத்தைத்தான் பார்க்கிறாள்.

ஆட்டோ வேண்டாம். கரையில் நான் அவள் கையைப் பிடித்துத்தான் கூட்டிப் போகிறேன்.

டிவிக்காரர்களுக்கு எழுதினாயா?

பொன்னப்பன்


வெள்ளறடை
19-2-2025

அத்தானுக்கு கனகதாஸ் எழுதுவது.

திங்கள்கிழமை நடந்ததை நீங்கள் அறிவீர்கள். ஆனாலும் உங்களிடம் யாரும் முறையாகச் சொல்லவில்லை என்று அக்கா எழுதச் சொன்னாள்.

நீங்கள் ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது அக்கா தனியாகக் கரையில் இறங்கியிருக்கிறாள். பை கட்டப் பிந்திவிட்டது, பஸ் போய்விடும் என்று அவசரம். பாசியில் கால் வழுக்கியது. பக்கத்தில் புல் அறுத்தவர்கள் சத்தம் போட்டார்கள். ஜெனில் ஓடிப் போய்த் தூக்கி, விளை வழியாக ஆட்டோவில் ஏற்றினான். உங்களைக் கேட்க நேரமில்லை. கணுக்காலில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது, மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். அன்றைய டயாலிசிசையும் முடித்துக்கொண்டுதான் வந்தோம். இப்போது என் வீட்டில் முன் அறையில் படுத்திருக்கிறாள்.

உங்களிடம் சொல்லச் சொன்னதை அவள் சொன்னபடி எழுதுகிறேன். ‘அங்கேருக்கு ஜெயிக்கணும்னா ஜெயிச்சுக்கிடட்டு மக்கா. எனக்க காலு இனி அந்தக் கரையில ஏறாது. கூட்டிக்கொண்டு போவணும்னா ரோடு வழியா வந்து கூட்டிக்கொண்டு போவட்டு.’

நீங்கள் நேற்று முழுதும் உங்கள் முற்றத்தில் நின்று இங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அக்காவும் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முப்பது எட்டு வைத்தால் வந்துவிடலாம். வரவில்லை.

டிவிக்குப் போன் பண்ணினேன். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே பண்ணினேன். பெட்டி வேறு வழியாகத்தான் வந்தது, திருத்த வேண்டும் என்றேன். ஒரு பெண் சிரித்துக்கொண்டே, ‘அங்கிளே, அந்த பாகம்தான் ஆளுகள் ஏற்றவும் அதிகம் ஷேர் செய்தது’ என்றாள். அடுத்த மாதம் மறுபடி போடுகிறார்களாம்.

சிலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறீர்கள். பெட்டியில் கட்டி வைத்தேன். கட்டும்போது அக்கா, ‘எங்க கொண்டு போற, அதில ஷிஜுக்க பேர் இருக்குல்லா’ என்று கேட்டாள். அவிழ்த்துத் திரும்பவும் அலமாரியில் வைத்தேன். அந்தப் படத்தை என் மகள் ஷீஜாவின் போனில் தினமும் போடச் சொல்கிறாள். பார்த்துவிட்டுக் கொஞ்சம் தூங்குகிறாள். நான் என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே எழுதுங்கள்.

கனகதாஸ்


வெள்ளறடை
24-2-2025

கனகதாசுக்கு பொன்னப்பன் எழுதுவது.

கேட்டாய், எழுதுகிறேன்.

நீ செய்த தப்பு தப்பாகவே இருக்கிறது. அவள் விழுந்ததால் அது சரியாகிவிடாது. நான் கையைப் பிடிக்காத நேரத்தில் அவள் விழுந்தாள், அது என் கணக்கு. அதை நீ வசூலிக்க வர வேண்டாம். நான் உன் வழியில் வர மாட்டேன். முப்பது எட்டு என்று எழுதினாய். பட்டாளப் பிள்ளைகள் மழையில் பெட்டியோடு கரையைச் சுற்றினபோது அந்த முப்பது எட்டு உனக்குத் தெரியவில்லை.

இனி ஆக வேண்டியது:

பலகையை நீ எடுக்க வேண்டாம். இன்று விடியற்காலையில் நானே கழற்றிவிட்டேன். இரண்டு ஆணி துருப்பிடித்து வரவில்லை, அறுத்தேன். பலகையை உன் கேட்டின் உள்பக்கம் சாய்த்து வைத்திருக்கிறேன், உடைக்கவில்லை. அதில் உன் அப்பா பெயரையோ உன் பெயரையோ எழுதிக்கொள். என் மகன் பெயர் வேண்டாம். மறுபடி எழுதினால் மறுபடி கழற்றுவேன்.

செல்லசாமி அடுத்த கிராமசபையில் எழுந்து நின்று பெட்டி எந்த வழியாக வந்தது என்று சொல்ல வேண்டும். உன் கேட்டையும் சொல்லட்டும், என் வாயையும் சொல்லட்டும். ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்லக் கூடாது. அவனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

டிவிக்காரர்கள் எதுவும் செய்ய வேண்டாம். அவர்களிடம் இனி யாரும் கெஞ்சவும் வேண்டாம்.

ஜெனில் ஆட்டோவை வளைவில் மெதுவாக எடுக்க வேண்டும். டயாலிசிஸ் முடிந்து வரும்போது அவளுக்கு ஓக்காளம் வரும். இடதுபக்கம் உட்கார வைக்க வேண்டும், காற்று அந்தப் பக்கம்தான்.

நீ அவளுக்கு உப்பு போடாமல் கஞ்சி வைக்கச் சொல். கொஞ்சம் போடு என்று கெஞ்சுவாள், தம்பி என்றால் இளகிவிடுவாய் என்று அவளுக்குத் தெரியும். போடாதே. தண்ணீர் அந்தச் சிறிய எவர்சில்வர் டம்ளரில் மட்டும். டம்ளரை மதில் மேல் வைத்திருக்கிறேன், அவளுடைய கம்பளியும் அங்கேயே இருக்கிறது. மழை வருவதற்குள் எடுத்துக்கொள்.

ஷீஜா அந்தப் படத்தை அவள் கேட்கிறபோது போட்டுக் காட்டட்டும். தடுக்க வேண்டாம். ஆனால் உண்மையில் இப்படித்தானே வந்தது என்று அவள் எப்போதாவது கேட்டால், ஷீஜா ஆமாம் என்று சொல்லக் கூடாது.

நீ எனக்கு இனி எழுத வேண்டாம். உன் கடிதத்தை நான் வாங்க மாட்டேன் என்று பிரசீதாவிடம் சொல்லிவிட்டேன். சரசம்மா ஏதாவது எழுதினால் மட்டும் கொண்டு வரட்டும். அவளுக்குத் தமிழ் எழுத வராது. மலையாளத்தில் எழுதினால் போதும், நான் வாசித்துக்கொள்வேன்.

பொன்னப்பன்